பாப்பனங்கோட்டு வழியில் ஒரு சாயம்

களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று திருவனந்தபுரம் பஸ்ஸில் போகாதவர் நம் கல்லூரியில் யார்? நானும் எத்தனையோ தடவை போனதுண்டு. பாப்பனங்கோட்டில் பஸ் ஊர்ந்து போகும்போது நல்ல தூக்கத்தில் இருப்பேன். கிழக்கேகோட்டையில்தான் கண் திறக்கும். அந்தப் பாப்பனங்கோட்டோடு சேர்ந்த ஒரு சாயத்தின் கதை இது.

முதலில் டார்ச் லைட். கரண்ட் போன ராத்திரியில் அதை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்திருப்பீர்கள். கை செக்கச்செவேலென்று தெரியும். பச்சையையும் நீலத்தையும் இரத்தம் விழுங்கிவிட, சிவப்பு மட்டும் தப்பி வருகிறது. சிவப்பைத் தாண்டி 900 நானோமீட்டர் வரையுள்ள அகச்சிவப்பு ஒளி இன்னும் ஆழம் போகும். அதற்கும் அப்பால் உடம்பிலுள்ள தண்ணீரே அதைத் தடுக்கத் தொடங்கும். உயிருள்ள பிராணியைக் கீறாமல் உள்ளே பார்க்க இந்தச் சின்ன ஜன்னல் ஒரு வழி. அதில் ஒளிரும் சாயம் வேண்டும், அது தண்ணீரில் கரையவும் வேண்டும்.

முதல் சாயம் போட்டோ பிலிம் கம்பெனியிலிருந்து வந்தது. மேயோ கிளினிக்கின் டாக்டர் ஃபாக்ஸ், இதயத்திலிருந்து பாயும் இரத்தத்தை அளக்க, 800 நானோமீட்டரை ஒட்டி ஒளியை உறிஞ்சும் சாயத்தைத் தேடினார். பிராணவாயு ஏறிய இரத்தமும் ஏறாத இரத்தமும் அங்கேதான் ஒரே அளவு ஒளியை உறிஞ்சும். 1955-ல் கோடாக் ஆய்வகம் உருவாக்கிய இண்டோசயனின் கிரீன் அதற்குப் பொருந்தியது. 1959-ல் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது. கரைவதற்கு அதில் இரண்டு சல்போனேட் தொகுதிகள். நம்ம வேட்டியைப் பளிச்சென்று காட்டும் சோப்புத் தூள் சாயத்திலும் அதே சல்போனேட்தான்! ஆனால் கல்லீரல் சில நிமிடங்களிலேயே அதை வடித்துத் தள்ளிவிடும், ஒளியும் மங்கல்.

1965-ல் ஜெர்மனியில் டிரைப்ஸ், ஜேக்கப் இருவரும் அறிவித்த ஸ்குவாரைன் அருமையாக ஒளிரும். குறை இரண்டு. தண்ணீரில் போட்டால் மூலக்கூறுகள் அப்பளக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு ஒளி அணைந்துபோகும். உடம்பிலுள்ள சிஸ்டீன் போன்ற கந்தகச் சேர்மங்கள் நடுவிலுள்ள நான்கு கார்பன் வளையத்தைத் தாக்கினால் நிறமே போய்விடும்.

பாப்பனங்கோட்டில் 1978 முதல் வட்டார ஆராய்ச்சிக் கூடமாக இருந்து, 2007-ல் என்.ஐ.ஐ.எஸ்.டி. என்று பெயர் மாறிய மத்திய அரசு ஆய்வுக்கூடத்தில், அஜயகோஷ் குழுவினர் இந்த ஸ்குவாரைனைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவரோடு ஆய்வு செய்த அருண்குமார், அமெரிக்காவில் நோட்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பிராட்லி ஸ்மித் குழுவில் சேர்ந்து, 2005-ல் சாயத்துக்கு ஒரு கவசம் போட்டார். விரலில் மோதிரம் மாதிரி, சாயத்தைச் சுற்றி இன்னொரு வளைய மூலக்கூறு. கந்தகம் நடுப்பகுதியை நெருங்க முடியாது. சாயங்கள் ஒட்டவும் முடியாது. 2010-ல் இந்த வகைச் சாயத்தால் உயிருள்ள சுண்டெலிக்குள் பாக்டீரியா தொற்றிய இடத்தைப் படம் பிடித்தது ஸ்மித் குழு.

பாப்பனங்கோட்டுக்காரர்கள் செய்ததுதான் எனக்கு அதைவிடப் பிடித்தது. கந்தகம் தாக்குகிறதா, தாக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்! தாக்கியபின் சாயத்தின் ஒளிர்வு மாறுவதைக் கொண்டே, இரத்தப் பிளாஸ்மாவில் அந்தச் சேர்மங்கள் எவ்வளவு என்று அளந்தார்கள். வருஷம் 2008.

அந்த 2008-ல் நான் முதல் வருஷம். கெமிஸ்ட்ரி லேபில் பிப்பெட்டோடு நிற்கும்போது, "இதெல்லாம் எதுக்குடே மக்கா நமக்கு?" என்றான் பக்கத்தில் நின்ற நண்பன். எனக்கும் பதில் தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமையும் இருவரும் திருவனந்தபுரம் போனோம், சினிமாவுக்கு.