கைத்துவக்குத் தோலுறை

ரிவால்வர், பிஸ்டல் முதலிய கைத்துவக்குகளை உடலோடு சேர்த்துத் தாங்குவதற்காகத் தோலில் வெட்டித் தைக்கப்படும் உறை. சீருடைக்கு மேல், இடைவாரில் எல்லார் கண்ணிலும் படும்படி தொங்குவது ஒரு வகை. சட்டைக்கோ கோட்டுக்கோ அடியில் மறைவாக அணிவது இன்னொரு வகை. செய்யக் கடினமானது பின்னதே. வெளியே தொங்கும் உறை துவக்கைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும். மறைவுறை காலை முதல் இரவு வரை இடுப்பெலும்பை ஒட்டிக் கிடக்கிறது. அது உறுத்தினால் அணிந்தவரின் கை அடிக்கடி அங்கே போகும். கை போன இடத்துக்குப் பார்ப்பவர் கண்ணும் போகும். வசதியில்லாத மறைவுறை மறைவுறையே ஆகாது.

கண்டி இராச்சியத்தில்

கண்டிப் பிரதானிகள் இடுப்பில் செருகியது துவக்கை அல்ல, கத்தியை. ‘பிஹிய’ எனப்படும் அந்தக் கத்தியின் பிடி தந்தத்திலோ கொம்பிலோ செதுக்கப்பட்டு வெள்ளி வேலைப்பாட்டுடன் இருக்கும். உறை பெரும்பாலும் மரம். அரண்மனையைச் சேர்ந்த ‘பட்டல் ஹத்தர’ என்ற நான்கு பட்டறைகளின் கைவினைஞர்கள் இவ்வகை வேலையில் பேர்பெற்றவர்கள். அவர்களுடைய மரபை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற ஆங்கில நூலில் விரிவாகப் பதிவுசெய்தார். மரவுறை இடுப்பில் உறுத்தாததற்குக் காரணம் உறையில் இல்லை. பிரதானிகள் பல முழத் துணியை இடுப்பில் மடித்துச் சுற்றியிருந்தார்கள். கண்டிப் படையின் துவக்குகளோ நீளமானவை. கொடித்துவக்கு என்ற சிறு பீரங்கியைக் கால்கள் மேல் நிறுத்தித்தான் சுட்டார்கள். இடுப்பில் தொங்கும் துவக்கும் அதற்கான தோலுறையும் மலைநாட்டில் பரவியது, கண்டி ஆங்கிலேயர் கையில் விழுந்த 1815க்குப் பின்.

சேணத்திலிருந்து இடுப்புக்கு

ஐரோப்பியக் குதிரைவீரர்களின் பழைய பிஸ்டல் ஒரேயொரு குண்டு போடும் பெருஞ்சுமை. ஆகவே இரண்டு உறைகளைச் சேணத்தின் முன்புறம் இரு பக்கமும் தொங்கவிட்டார்கள், பாரம் குதிரைக்கு. 1836இல் சாமுவேல் கோல்ட் அமெரிக்காவில் ரிவால்வருக்குக் காப்புரிமை பெற்ற பின் ஒரே துவக்கில் பல குண்டுகள் கிடைத்தன. அடுத்த சில பத்தாண்டுகளில் துவக்கு சேணத்திலிருந்து மனிதனின் இடுப்புக்கு வந்தது. அன்றிலிருந்து பாரம் யார்மீது, எப்படி என்பதே உறை செய்பவரின் கேள்வி.

அந்தக் கேள்விக்கு நல்ல விடை சொன்னவர் கையிழந்த ஒருவர். வங்காளத்துப் பாரக்பூரில் 1824இல் பிறந்த பிரித்தானிய இந்தியப் படை அதிகாரி சாம் பிரவுன், 1858 ஆகஸ்ட் 31 அன்று வட இந்தியாவில் பிலிபித்துக்கு அருகே கிளர்ச்சியாளரின் பீரங்கி நிலையைத் தாக்கியபோது இடது கையைத் தோளோடு இழந்தார். விக்டோரியா சிலுவை என்ற வீரப்பதக்கம் கிடைத்தது. ஆனால் வாளை உருவும்போது உறையைப் பிடித்துக்கொள்ளும் கை போய்விட்டது. அகன்ற இடைவாரில் வாளுறையை அசையாமல் கோத்து, பாரத்தைத் தாங்க வலது தோளின் மேலாக ஒரு குறுக்கு வாரை ஓட்டினார். மறுபக்கத்தில் ரிவால்வர் உறையும் நின்றது. இந்தியப் படை அதிகாரிகள் பலர் அதைப் பின்பற்ற, போயர் போர்க் காலத்தில் பிரித்தானியப் படை முழுவதும் பரவியது. இன்றைய மறைவுறைக்கும் அடிப்படை விதி இதுதான்: உறை எவ்வளவு அழகானாலும் வார் நெகிழ்ந்தால் எல்லாம் வீண்.

தோல்

உறைக்கு ஏற்றது தாவரப் பட்டையில் பதனிட்ட தோல். நனைத்து அழுத்தினால் வளையும். உலர்ந்தால் அந்த வடிவிலேயே விறைத்து நிற்கும். குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் மென்மையானது, கைப்பைக்கு நல்லது. உறைக்கு வேண்டிய விறைப்பு அதற்கு வராது. 19ஆம் நூற்றாண்டில் பட்டைத் தோலைப் பெருமளவில் உலகுக்கு அனுப்பிய இடங்களுள் ஒன்று தமிழகம். திண்டுக்கல், திருச்சி, வாணியம்பாடி, பல்லாவரம் போன்ற ஊர்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல், ‘ஈ.ஐ. தோல்’ என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாக இலண்டன் சந்தைக்குப் போனது. 2008இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே ஆவாரை இலங்கையின் உலர் வலயத்திலும் தாராளமாக வளர்கிறது. சிங்களவர் அதை ‘ரணவரா’ என்பர். ஆனால் இங்கே அதன் பூ தேநீர்க் கோப்பைக்குப் போன அளவுக்குப் பட்டை தோல் தொட்டிக்குப் போகவில்லை.

துரைமாரும் தலைமையகமும்

1900இல் உருவான இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையின் தலைமையகம் கண்டி. கோப்பி அழிந்து தேயிலை வந்த மலைகளின் ஐரோப்பியத் துரைமார் இதில் தொண்டர்களாகச் சேர்ந்து போயர் போருக்கும், பின் 1914இல் எகிப்துக்கும் சென்றார்கள். பலர் பின்னர் அதிகாரிகளாக நியமனம் பெற்றார்கள். அக்கால அதிகாரியின் அடையாளம் சாம் பிரவுன் வாரும் அதில் தொங்கும் வெப்ளி ரிவால்வருமே. 1915இன் ஆறாம் மாதிரி வெப்ளி குண்டில்லாமலே ஒரு கிலோகிராமுக்கு மேல். அதை நாள்முழுதும் சுமக்கத் தோள்வார் கட்டாயம்.

சாதாரணப் படைவீரருக்கு அதற்கு முன்பே தோல் போய் நெய்த பருத்திவார் வந்துவிட்டது. ஈரத்தில் விறைத்து வெடிக்கும் தோல் போருக்கு ஆகாது என்று கண்டு பிரித்தானியப் படை 1908இலும் 1937இலும் கொண்டுவந்த உபகரணத் தொகுதிகள் துணியால் ஆனவை.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஏப்ரலில், தளபதி மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகத்தை டெல்லியிலிருந்து கண்டிக்கு மாற்றியபோது, அது அமைந்த பேராதனைப் பூங்காவில் இந்த இரண்டு உலகங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன: அதிகாரியின் பளபளக்கும் தோல்வார், களத்துக்குப் போகிறவரின் காக்கித் துணியுறை. மூன்றாவது உலகமும் வந்து சேர்ந்தது. அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ்ஸின் 404ஆம் பிரிவும், பிரித்தானிய இரகசியப் படையான போர்ஸ் 136உம் கண்டியிலிருந்து இயங்கின. ஓ.எஸ்.எஸ். தன் ஆட்களுக்குக் கொடுத்த துவக்குகளில் 1903 மாதிரிக் கோல்ட் பிஸ்டலும் ஒன்று. அது தட்டையானது, சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் துணியில் சிக்காது.

மறைவுறையின் வளர்ச்சி

மறைவாக அணியும் உறையை ஒரு கைவினையாக வளர்த்தது அமெரிக்கா. 1920களில் டெக்சாஸின் எல் பாசோ நகரக் காவலர் டாம் திரீபெர்சன்ஸ் பெயரால் வந்த உறை, தேவையற்ற தோலையெல்லாம் வெட்டியெறிந்து, துவக்கை இடுப்பில் உயரமாகவும் சாய்வாகவும் நிறுத்தியது. அதில் விசைக்காப்பு வெளியே தெரியும். விரல் தவறுதலாக விசையில் படக்கூடும். வடிவம் அழகு, பாதுகாப்பில் தோல்வி என்றே இன்று அதைச் சொல்ல வேண்டும். 1934இல் எப்.பி.ஐ. அதிகாரிகளுக்குத் துவக்கு ஏந்தும் அதிகாரம் கிடைத்தபின், கோட்டுக்கடியில் குழல் பின்னோக்கிச் சாயும் உறை வழக்கமாயிற்று. 1970களில் இரண்டு பெரிய மாற்றங்கள். உறைக் கைவினைஞர் ரோய் பேக்கர் இரண்டு தட்டைத் தோல்களுக்கு இடையே துவக்கை வைத்து, இரு புறமும் வார்த்துளை வெட்டினார். பாரம் அகலமாகப் பரவி, பிடி உடலோடு ஒட்டிக்கொண்டது. கலிபோர்னியாவில் மறைவாகப் பணியாற்றிய காவல் அதிகாரி புரூஸ் நெல்சன், காற்சட்டைக்கு உள்ளே அணியும் உறையைச் சீராக்கினார். தோலின் சொரசொரப்பான பக்கம் வெளியே இருந்ததால் உறை துணியைப் பிடித்து நகராமல் நின்றது. வாயில் பட்டை வைத்துக் கெட்டியாக்கியதால் துவக்கை எடுத்தபின் உறை சப்பிப்போகவில்லை. வெயில்காலத்து மெல்லிய சட்டைக்கடியிலும் அணியலாம் என்பதால் அதற்குக் கோடைகாலப் பெயரே வந்தது. பிறகு வந்த கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக், தோலைப் பெரிதும் ஒதுக்கியது. அது வியர்வைக்கு அசையாது. உடலுக்கும் இசையாது.

தைக்கும் முறை

ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் கனமுள்ள தோலில் முதலில் காகித அச்சை வைத்து வெட்டுவார்கள். துவக்கின் பிடியே சட்டைக்கு மேல் முதலில் துருத்தும். ஆகவே வார்த்துளைகள் பிடியை உள்ளே இழுக்கும் இடத்தில் விழ வேண்டும். இடுப்பைத் தொடும் ஓரத்தை வட்டமாகச் செதுக்குவதும், துவக்கின் பின்பகுதிக்கும் உடலுக்கும் நடுவே ஒரு நாக்குத் தோலை உயர்த்தி விடுவதும் உறுத்தலைக் குறைக்கும். அந்த நாக்கு வியர்வையையும் துவக்கில் ஏறவிடாது.

தைப்பது இரண்டு ஊசியில், ஒரே நூலில். தேன்மெழுகு பூசிய நூலின் இரு நுனியிலும் ஊசி கோத்து, குத்தூசியால் போட்ட ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராக நுழைத்து இழுப்பார்கள். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மறுபக்க நூல் பிடித்துக்கொள்ளும். இயந்திரத் தையலில் ஒரு கண்ணி அறுந்தால் வரிசையே உருவிக்கொண்டு வரக்கூடும்.

அடுத்தது வடிவேற்றல், வேலையின் உயிர் இதில்தான். தைத்த உறையை வெதுவெதுப்பான நீரில் முக்கி எடுத்து, துவக்கின் அளவிலேயே வார்த்த பிளாஸ்டிக் பொம்மையை உள்ளே செருகுவார்கள். குழலின் மேல் ஒரு மெல்லிய மரக்குச்சியையும் சேர்த்து வைப்பார்கள். அது விட்டுச்செல்லும் பள்ளத்தில்தான் முன்குறி உரசாமல் போய்வரும். பின் எலும்பாலோ மழுங்கிய மரத்தாலோ விசைக்காப்பைச் சுற்றி அழுத்தி அழுத்தி, தோலில் துவக்கின் கோடுகள் எழும்வரை தேய்ப்பார்கள். கொக்கியோ பட்டியோ இல்லாமல் துவக்கைப் பிடித்து நிறுத்துவது இந்தக் கோடுகளே. விசையை உறை முழுதாக மூடியிருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை. மெல்லிய சூட்டில் உலர்த்தி, ஓரங்களை ஈரமாக்கி மரத்தால் உரசிப் பளபளப்பாக்கியபின் எண்ணெய் இலேசாக. எண்ணெய் மிஞ்சினால் உறை தொளதொளத்துவிடும்.

மலைநாட்டு ஈரமும் சட்டமும்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டி நகருக்கும் அருகிலுள்ள அம்பிட்டிய போன்ற மலைச்சரிவு ஊர்களுக்கும் தோல் ஓர் ஓயாத வேலை. அலுமாரியில் வைத்த சப்பாத்தை மழைக்காலத்தில் சில வாரம் மறந்தால் பச்சைப் பூஞ்சணம் பூத்திருக்கும். உறைக்கு இது இன்னும் கேடு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதற்குள்ளே கிடக்கும் எஃகு துருப்பிடித்துக் குழிவிழும், பித்தளைத் தோட்டா பச்சைக் களிம்பேறும். தோலுறை அணிவதற்கு மட்டுமே உரியது. துவக்கை அதற்குள் விட்டுப் பூட்டி வைக்கக் கூடாது.

இலங்கையில் துவக்கு வைத்திருப்பதை ஒழுங்குபடுத்துவது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துவக்குகள் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும். தனியார் கைத்துவக்கு வைத்திருக்கப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதிப்பத்திரம் வேண்டும். தற்காப்புக்கென வழங்கப்பட்ட துவக்குகளைத் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி அமைச்சு 2024இல் அனுமதிபெற்றோரைக் கேட்டது.