மைனர்: ஒரு சொல் வளர்ந்த கதை

பட்டு ஜிப்பா, கழுத்தில் தடித்த சங்கிலி, தண்ணீராய்ச் செலவாகும் பணம். ‘மைனர்’ என்றதும் நம் மனத்தில் எழும் உருவம் இதுதான். வயது வராத பிள்ளையைக் குறிக்கும் சட்டச் சொல், மீசை முறுக்கிய வாலிபனிடம் எப்படிப் போய் ஒட்டிக்கொண்டது?

விடை ஜமீன்களில் இருக்கிறது. தகப்பனை இழந்த சிறுவன் ஜமீனுக்கு வாரிசானால், கும்பினி அரசின் 1804ஆம் ஆண்டு ஐந்தாம் ரெகுலேஷன்படி ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ அதைப் பொறுப்பேற்கலாம். பெயர்தான் கோர்ட், நிர்வாகம் வருவாய் வாரியத்தினுடையது. 1875ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக 18 வயதில் ஒருவரை மேஜராக்கியது. இப்படிப் பாதுகாப்பில் இருந்தவர்களுக்கோ 21. ஆகவே, இருபது வயதில் கல்யாணமே முடிந்திருந்தாலும் அவர் ஏட்டில் ‘மைனர் ஜமீன்தார்’. செலவுக்குப் படி உண்டு, பொறுப்பு இல்லை. சொல்லின் பொருள் இந்த இடைவெளியில்தான் திரும்பியது என்பது என் துணிபு.

இத்தகைய வாரிசுகளுக்காகச் சென்னைத் தேனாம்பேட்டையில் நியூயிங்டன் என்ற கல்விக்கூடமே இருந்தது. 1919 அக்டோபரில் அதை நடத்திவந்த டி லா ஹே என்ற ஆங்கிலேயர் இரவில் சுட்டுக் கொல்லப்பட்டார். பழி அங்கே படித்த ஜமீன் இளைஞர்கள் மீது விழுந்தது. பம்பாயில் விசாரணை நடந்தும் யாரும் தண்டிக்கப்படவில்லை.

இந்தச் சொல் வருமுன்பும் அனாதை வாரிசுகள் இருந்தார்கள். 1689இல் மதுரை நாயக்கர் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் அம்மை கண்டு இறந்தார். பிள்ளை பெற்ற கையோடு அவர் மனைவியும் போய்ச் சேர்ந்தார். கைக்குழந்தை விஜயரங்க சொக்கநாதருக்குப் பட்டம் கட்டிவிட்டு, பாட்டி மங்கம்மாள் ஏறத்தாழ 15 ஆண்டுகள் நாடாண்டார். அவர் பெயரில் சாலைகளும் சத்திரங்களும் நிலைத்தன. ஆனால் பேரன் ஆட்சித்திறன் வாய்த்தவராக வளரவில்லை. அவர் 1732இல் இறந்த சில ஆண்டுகளிலேயே நாயக்கர் அரசு முடிந்தது.

பாட்டி அன்போடு காத்தார், வாரியம் கணக்கோடு காத்தது. சொத்தைக் காப்பது காவலில் பாதிதான். ஆளக் கற்றுக்கொடுத்து, சிறிது சிறிதாகப் பொறுப்பைக் கைமாற்றுவது மறுபாதி. அந்த மறுபாதி கிடைக்காத பிள்ளைகளைத்தான் நாம் ‘மைனர்’ என்று ஏசிவந்திருக்கிறோம். அந்த ஏச்சில் பெரும்பங்கு காவலர்களுக்கே உரியது.