அறுபடாத வலை முடங்கிய நாள்



கம்பி அறுந்தால் செய்தி நின்றுவிடும். தந்தி தோன்றிய காலம் முதல் மனிதன் கண்டுவந்த உண்மை இது. கம்பி அறுந்தாலும் செய்தி நிற்கக் கூடாது என்று எண்ணி அமைக்கப்பட்ட ஒரு வலைப்பின்னல் அமெரிக்காவில் இருந்தது. அதன் பெயர் அர்பாநெட். 1980ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் அந்த வலைப்பின்னல் முழுவதும் சில மணி நேரம் செயலற்றுக் கிடந்தது. கம்பி அறுந்ததனால் அன்று. வலைக்குள் சுற்றிய மூன்றே மூன்று தவறான செய்திகளால்! இது எப்படி நேர்ந்தது, எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் இவ்வலைப்பின்னலின் அடிப்படையைப் பார்ப்போம். தொலைபேசியில் இருவர் பேசும்போது, பேச்சு முடியும்வரை ஒரு தடம் அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். கணிப்பொறிகளின் பேச்சு அப்படிப்பட்டதன்று. ஒரு கணம் கொட்டும். பிறகு நெடுநேரம் மௌனம். அதற்காக ஒரு தடத்தைப் பிடித்து வைத்திருப்பது வீண் செலவு.

இதற்கு இருவர் தனித்தனியே வழி கண்டனர். அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய பால் பேரன், போரில் பாதி நிலையங்கள் அழிந்தாலும் செய்தி போய்ச் சேர வேண்டும் என்ற நோக்கத்துடன் ஆராய்ந்து, 1964இல் தம் ஆய்வுகளை வெளியிட்டார். இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில் டொனால்ட் டேவிஸ் 1965இல் அதே முடிவுக்கு வந்தார். செய்தியைச் சிறு துண்டுகளாக்கி அனுப்பலாம் என்பதே அம்முடிவு. அத்துண்டுக்குப் 'பாக்கெட்', அதாவது பொட்டலம், என்று பெயரிட்டவர் டேவிஸ்.

ஒரு தோட்டப் பள்ளியிலிருந்து ஐம்பது மாணவர்கள் பட்டணத்தில் நடக்கும் விளையாட்டுப் போட்டிக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். எல்லாரையும் ஏற்றிச் செல்லப் பெரிய பேருந்து ஒன்றுக்குக் காத்திராமல், கிடைக்கும் வண்டிகளில் நான்கு நான்கு பேராக அனுப்புகிறோம். ஒவ்வொருவர் சட்டையிலும் போய்ச்சேரும் இடமும் வரிசை எண்ணும் குத்தப்பட்டுள்ளன. ஒரு பாதையில் பாலம் உடைந்திருந்தால் வண்டி மறு பாதையில் போகும். திடலில் இறங்கியதும் எண்படி வரிசையில் நின்றால் வகுப்பு முழுமையாகிவிடும். பொட்டல முறையும் இதுவே.

அர்பாநெட்டில் சந்திகள் தோறும் நின்று பொட்டலங்களை வாங்கிச் சரிபார்த்து அடுத்த சந்திக்கு அனுப்பும் வேலையை, 'இம்ப்' என்று அழைக்கப்பட்ட சிறு கணிப்பொறிகள் செய்தன. இவற்றை அமைத்தது கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் நிறுவனம். 1969 அக்டோபர் 29ஆம் நாள், லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்ட் ஆய்வுக்கழகத்திற்கு 'லாகின்' என்ற சொல்லை அனுப்ப முயன்றார்கள். அதன் முதல் இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்தவுடனேயே மறுமுனைக் கணிப்பொறி நின்றுவிட்டது. ஆக, இந்த வலைப்பின்னலின் வரலாறு ஒரு பழுதுடனேயே தொடங்கியது எனலாம்.

பழுது வரும் என்பதை அமைத்தவர்கள் அறிந்தேயிருந்தனர். ஆகவே ஒவ்வொரு இம்ப்பும் தன் நிலையைக் கேம்பிரிட்ஜிலிருந்த கட்டுப்பாட்டு நிலையத்திற்கு அவ்வப்போது தெரிவித்துக்கொண்டிருந்தது. தடத்தில் குறை கண்டால், தொலைபேசிக் கம்பெனிக்கே இவர்கள் போன் செய்து தெரிவிக்கும் அளவுக்கு அந்தக் கண்காணிப்பு சிறந்திருந்தது.

இனி 1980க்கு வருவோம். எந்தப் பாதை நெரிசலாக உள்ளது, எது திறந்துள்ளது என்பதை ஒவ்வொரு இம்ப்பும் மற்ற எல்லாவற்றுக்கும் அறிவிக்கும் புதிய முறை 1979இல் வந்திருந்தது. ஒரு இம்ப்பின் அறிவிப்பை அடுத்திருப்பது வாங்கித் தன் அண்டை இம்ப்புகளுக்கெல்லாம் கொடுக்கும். பழைய அறிவிப்பா புதியதா என்று அறிய, ஒவ்வொன்றிலும் 0 முதல் 63 வரை ஓர் எண் இருந்தது. 63க்குப் பின் மீண்டும் 0. கடிகாரத்தில் 12க்குப் பின் 1 வருவது போல. வட்டத்தில் எது முன்னால் உள்ளது? பாதி வட்டத்துக்குள், அதாவது 32 எண்ணுக்குள், முன்னே இருப்பதே புதியது என்று விதி செய்திருந்தார்கள்.

அன்று 50ஆம் எண் இம்ப்பின் அறிவிப்புகள் மூன்று வலைக்குள் சுற்றின. அவற்றின் எண்கள் 44, 40, 8. மாணவர்கள் இதைக் கூட்டிப் பார்க்கலாம். 44 என்பது 32உம் 8உம் 4உம் சேர்ந்தது. 4ஐக் குறிக்கும் புள்ளி அழிந்தால் 40; அதோடு 32ஐக் குறிக்கும் புள்ளியும் அழிந்தால் 8. பழுதான ஒரு இயந்திரத்தின் நினைவகத்தில் இவ்வாறு புள்ளிகள் உதிர்ந்தன. தடத்தில் செல்லும்போது பிழை நேர்ந்ததா என்று சரிபார்க்க ஏற்பாடு இருந்தது. நினைவகத்தில் தங்கியிருக்கும்போது சரிபார்க்கத் தக்க ஏற்பாடு இல்லை.

விளைவைப் பாருங்கள். 8ஐவிட 40 புதியது. 40ஐவிட 44 புதியது. 44ஐவிட, வட்டத்தைச் சுற்றி வந்தால், 8 புதியது! கடிகாரத்தில் 12, 4, 8 என்ற மூன்று எண்களும் ஒன்றையொன்று துரத்துவது போல இது முடிவில்லாத ஓட்டம். ஒவ்வொரு இம்ப்பும் இதோ புதிய அறிவிப்பு என்று நம்பி அண்டை இம்ப்புகளுக்கு வழங்கியது, அவையும் வழங்கின. இவ்வறிவிப்புகளுக்கே முதலிடம் என்பது விதியாதலால், சாதாரணப் பொட்டலங்களைக் கவனிக்க நேரமே இல்லாமற் போயிற்று.

ஒரு இயந்திரத்தை நிறுத்தி மீண்டும் இயக்கிப் பயனில்லை. அது எழுந்தவுடன் அண்டை இயந்திரம் அதே அறிவிப்பைக் கையில் கொடுத்துவிடும். நோய் ஓர் இடத்தில் இல்லை; ஊரெங்கும் இருந்தது. பொறியாளர்கள் ஊகத்தில் இறங்கவில்லை. ஒரு இம்ப்பின் நினைவகத்தில் உள்ளதை அப்படியே எடுத்துப் படித்தார்கள். அங்கே குவிந்து கிடந்தவை 50ஆம் எண்ணின் அறிவிப்புகளே. உடனே ஒவ்வொரு இம்ப்பின் மென்பொருளிலும் சிறு ஒட்டு ஒன்றைப் போட்டார்கள்: 50ஆம் எண்ணிலிருந்து வரும் எதையும் ஏற்காதே. வலை மெல்ல உயிர் பெற்றது.

இந்நிகழ்ச்சியை எரிக் ரோசன் என்ற பொறியாளர் 1981இல் மறைக்காமல் எழுதி வெளியிட்டார். அந்த வெளிப்படையான அறிக்கையால் பலர் பயன்பெற்றனர். தவறான செய்தி புகுந்தாலும் வலை தானே சீரடையும் வழியை ரேடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1983இல் ஆராய்ந்து எழுதினார். பின்னாளில் இணையத்தில் பரவிய ஓ.எஸ்.பி.எஃப். என்ற வழிகாட்டு முறையில், எண்கள் வட்டமாகச் சுற்றாமல் நேர்கோட்டில் ஏறுகின்றன. கைமாறுந்தோறும் அறிவிப்பின் வயது கூடி, எல்லை வந்தால் அது நீக்கப்படுகிறது. நினைவகத்தில் இருக்கும்போதும் அது சரிபார்க்கப்படுகிறது. அர்பாநெட் 1990இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அது விழுந்தெழுந்து கற்ற பாடம் இணையத்துக்குள் இருக்கிறது.

நேயர்களே, பகைவனின் குண்டுக்கு அஞ்சி ஆராய்ந்தவர்கள் உண்டு. அன்று வலையை வீழ்த்தியதோ குண்டன்று. ஆராயாமல் கைமாற்றிய செய்தி. ஒவ்வொரு இம்ப்பும் தன் கடமையைச் சரியாகவே செய்தது. கிடைத்ததை உடனே அடுத்தவருக்குக் கொடு என்ற விதியை எல்லாம் வழுவாமல் பின்பற்றின. அதனாலேயே எல்லாம் சேர்ந்து முடங்கின. எப்பொருள் எவர்வழி வந்தாலும் அதன் மெய்மையை ஆராய்ந்த பின்னரே அடுத்தவருக்கு வழங்க வேண்டும் என்பதை இயந்திரங்களும் பட்டுத்தான் கற்றன. கையில் தொலைபேசியோடு வளரும் நம் பிள்ளைகளுக்கு, இன்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டிய முதற்பாடமும் அதுவே.