பழைய ரிவி: திருத்துவதா, மாற்றுவதா?

வன்னியில் ரிவி, வானொலி திருத்தும் வேலை செய்கிறேன். என் மேசைக்கு வரும் பெட்டிகளில் அனேகமானவை ஒரே கேள்வியோடுதான் வருகின்றன. "அண்ணை, திருத்தினால் நிண்டு பிடிக்குமோ, இல்லாட்டிப் புதுசு எடுப்பமோ?"

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரு பதில் கிடையாது. பழுதடைந்தது எந்தப் பாகம், திருத்தச் செலவு எவ்வளவு, புதியது வாங்குவதானால் காசு எங்கிருந்து வரும் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் இரண்டையும் திருத்துபவர் சொல்லிவிடுவார். மூன்றாவதை வீட்டுக்காரர்தான் கணக்குப் பார்க்க வேண்டும். எங்கள் பகுதிகளில் குடும்பங்கள் கடனில் விழுவது அந்த இடத்தில்தான்.

எங்கள் வீடுகளில் உள்ளவை

யாழ். குடாநாட்டில் 1990இல் மின்சாரம் நின்றபின் பல ஆண்டுகளுக்கு, ரிவி என்பது ஜெனரேற்றர் வாடகைக்குப் பிடித்து ஊர்கூடிப் பார்க்கும் பொருளாக இருந்தது. வன்னியின் பல கிராமங்களிலும் அதே நிலைதான். இறுதிப் போரில் மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது ரிவிகளும் மற்றத் தளபாடங்களோடு வழியில் கைவிடப்பட்டன. மீள்குடியேறிய பிறகு பாவித்த ரியூப் ரிவிகள் முதலில் வந்தன. வீடும் மின்சாரமும் கிடைத்த பின்னர் தட்டையான எல்.ஈ.டி. ரிவிகள் வந்தன. அவற்றில் பல தவணைக்கு எடுத்தவை, சில வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய காசில் வாங்கியவை. இப்போது பழுதாகி வருபவை இந்த இரண்டு வகையும்தான்.

கடைக்குத் தூக்கும் முன்னர்

ரிவியைக் கட்டித் தூக்கி பஸ்ஸிலோ ஓட்டோவிலோ கொண்டுவரும் செலவே சிலவேளை திருத்தச் செலவைவிட அதிகம். எனவே வீட்டிலேயே சிலவற்றைப் பாருங்கள்.

வேறொரு பிளக்கில் கொழுவிப் பாருங்கள். ரிமோட் வேலை செய்கிறதா என்று அறிய, அதன் முனையைக் கைத்தொலைபேசிக் கமராவின் முன் பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலான கமராக்களில் சிறு ஒளி மின்னுவது தெரியும். செய்மதி டிஷ் அல்லது கேபிள் பெட்டியைக் கழற்றிவிட்டு, யூ.எஸ்.பி. மூலம் ஒரு படத்தைப் போட்டுப் பாருங்கள். அது ஒழுங்காக ஓடினால் பழுது ரிவியில் இல்லை, பெட்டியிலோ வயரிலோதான்.

எல்.ஈ.டி. ரிவியின் அறிகுறிகள்

சத்தம் வருகிறது, படம் இல்லை: அறையை இருட்டாக்கி, திரைக்கு மிக அருகில் ரோச் லைற்றைச் சரித்துப் பிடியுங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் திரை நல்ல நிலையில் இருக்கிறது, அதன் பின்னால் ஒளி கொடுக்கும் விளக்குப் பட்டிகள்தான் போய்விட்டன. இது திருத்தத் தகுந்த பழுது. ஒரு விளக்கை மட்டும் மாற்றினால் அடுத்தடுத்த மாதங்களில் மற்றவை போகும், ஆகவே பட்டிகளை முழுவதுமாக மாற்றச் சொல்லுங்கள். திருத்திய பின்னர் பின்னொளியைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் கூடுதல் காலம் உழைக்கும்.

சிவப்பு விளக்கே எரியவில்லை: பெரும்பாலும் மின்வழங்கும் போட்டில் உள்ள பழுது. ஊதிப்போன கப்பாசிற்றர்களை மாற்றினாலே சில ரிவிகள் எழும்பிவிடும். செலவு குறைவு. ஆனால் மின்னலுக்குப் பின் இப்படி நடந்திருந்தால் பிரதான போட்டும் அடிபட்டிருக்கலாம். முழுவதும் சோதித்த பின்னரே திருத்தச் சம்மதியுங்கள்.

கம்பனிப் பெயர் வந்து அதோடு நிற்கிறது, அல்லது தானாக நின்று எழும்புகிறது: மென்பொருள் குழம்பியிருக்கலாம். அதை மீண்டும் ஏற்றினால் சரிவரும். வராவிட்டால் பிரதான போட்டை மாற்ற வேண்டும்.

நிலைக்குத்தாகக் கோடுகள், அல்லது பாதித் திரையில் மட்டும் படம்: சிலவேளை உள்ளே இருக்கும் ஒரு தட்டை வயரோ சிறிய போட்டோ காரணம். அதற்காக ஒரு முறை சோதிப்பது நல்லது. திரையேதான் பழுதென்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

திரை வெடித்துவிட்டது: திருத்த வேண்டாம். ரிவியின் விலையில் பெரும்பங்கு அந்தத் திரைக்குத்தான்.

யூடியூப் போன்ற செயலிகள் வேலை செய்யவில்லை என்பதற்காக மட்டும் புதிய ஸ்மார்ட் ரிவி வாங்கத் தேவையில்லை. எச்.டி.எம்.ஐ. துளையில் கொழுவும் சிறிய அன்ரொய்ட் பெட்டி ஒன்று அந்த வேலையைச் செய்யும்.

ரியூப் ரிவி

இதில் சத்தமும் படமும் திடீரென நின்றால் பெரும்பாலும் சிறு பாகங்கள் போயிருக்கும், அல்லது ஈயப்பற்று விட்டிருக்கும். பாகம் கிடைத்தால் குறைந்த செலவில் திருத்தலாம். ஆனால் படம் தெளிய நிமிடக் கணக்கில் எடுக்கிறது, எவ்வளவு கூட்டினாலும் மங்கலாகவே இருக்கிறது என்றால் பிக்சர் ரியூப் தேய்ந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு ரூபாவும் செலவழிக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. வர்ண ரியூப் ரிவிக்குள் 20,000 வோல்ற்றுக்கு மேல் மின்னழுத்தம் உண்டு. பிளக்கைக் கழற்றிய பின்னரும் அது தங்கி நிற்கும். வீட்டில் பின்மூடியைக் கழற்ற வேண்டாம்.

கணக்கு

நான் சொல்லும் அளவுகோல் இது. திருத்தச் செலவு, அதேயளவு புதிய ரிவியின் ரொக்க விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் திருத்துங்கள். பாதியைத் தாண்டினால் நிறுத்துங்கள். இடையில் இருந்தால் வயதைப் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு உட்பட்டதென்றால் திருத்தலாம், பத்தை நெருங்கியதென்றால் வேண்டாம்.

கவனியுங்கள், நான் சொன்னது ரொக்க விலை. கடையில் எழுதியிருக்கும் மாதத் தவணை அல்ல. உதாரணத்துக்கு, ரொக்கத்துக்கு 60,000 ரூபாவான ரிவியை 10,000 முற்பணமும் மாதம் 3,500 வீதம் 24 மாதமும் என்று தந்தால், நீங்கள் கட்டுவது 94,000 ரூபா. "மாதம் 3,500 தானே" என்று நினைக்கும்போது அந்த 34,000 கண்ணில் படாது. கூலிவேலை இல்லாத மாதத்திலும், கடலுக்குப் போகாத மாதத்திலும் தவணைக்காரர் வருவார். அவருக்குக் கொடுக்க நுண்கடன், நுண்கடனுக்குக் கட்ட நகை அடகு என்று போகும். வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன் பெற்ற பெண்களுக்கு 2018இல் அரசு நிவாரணம் அறிவிக்க வேண்டிவந்தது. எங்கள் பகுதியில் பெண்கள் தனியாகத் தாங்கும் குடும்பங்கள் எத்தனை என்று சொல்லத் தேவையில்லை. கடன்பட்டுத்தான் புதிது என்றால், திருத்தச் செலவு கொஞ்சம் கூடினாலும் திருத்துவதே மேல். திருத்த முடியாததென்றால், ரொக்கம் சேரும்வரை காத்திருங்கள், அல்லது நம்பிக்கையான இடத்தில் பாவித்தது ஒன்றை ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

"புதியது கரண்ட் மிச்சம் பிடிக்கும்" என்றும் கடையில் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் எவ்வளவு? 80 வாற் எடுக்கும் ரியூப் ரிவி நாளுக்கு 5 மணித்தியாலம் ஓடினால் மாதம் 12 அலகு. 45 வாற் எடுக்கும் 32 அங்குல எல்.ஈ.டி. என்றால் ஏழு அலகுக்குக் கிட்ட. மிச்சம் ஐந்து அலகு மட்டுமே. உங்கள் மாதப் பாவனை 60 அலகைச் சற்றுத் தாண்டி நிற்கிறதென்றால் இந்த ஐந்து அலகு பெறுமதியானது, ஏனென்றால் 60ஐத் தாண்டியதும் கட்டணம் வேறு அட்டவணைக்கு மாறிவிடும். மற்றவர்களுக்கு, இந்த மிச்சத்தைக் கொண்டு ஒரு புதிய ரிவியின் விலையை ஈடுகட்ட முடியாது. பழைய எல்.ஈ.டி.யை மாற்றுபவருக்கு இந்த மிச்சமும் பெரிதாக இராது.

திருத்துபவரிடம் கேட்க வேண்டியவை

சோதிக்க எவ்வளவு, திருத்த எவ்வளவு என்று வேலை தொடங்கும் முன் கேளுங்கள். போடப்போவது புதிய பாகமா, வேறு ரிவியில் கழற்றியதா என்று கேளுங்கள். கழற்றியது பிழையல்ல, ஆனால் விலை குறைய வேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதிலிருந்து பாகங்களின் விலையும் ஏறிவிட்டது. அதனால் கழற்றிய பாகங்களுக்கு இப்போது கிராக்கி அதிகம். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். எத்தனை மாத உத்தரவாதம் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள். புதியது வாங்கினாலும் பற்றுச்சீட்டை எறிய வேண்டாம். கடைக்காரர் உத்தரவாதத்தை மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறையிட அது தேவை.

டெக்கையும் கசெற்றையும் எறிய முன்னர்

ரியூப் ரிவியை விற்கும்போது அதோடு கிடந்த டெக்கையும் கசெற்றுகளையும் சேர்த்துப் பழைய இரும்புக்குப் போடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இடம்பெயர்வுகளின் ஊடாகச் சுமந்து காப்பாற்றப்பட்ட ஒரு கலியாணக் கசெற்றில், இன்று இல்லாத தகப்பனோ காணாமல் ஆக்கப்பட்ட மகனோ சிரித்துக்கொண்டு போகக்கூடும். சில வீடுகளில் அவர்கள் நடப்பதையும் கதைப்பதையும் காட்ட அது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது.

உலகில் கடைசியாக வீடியோ டெக் தயாரித்துவந்த ஜப்பானின் பியூனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. கையில் இருக்கும் டெக்குகள் போனால் கசெற்றைப் பார்க்க வழி குறைந்துகொண்டே போகும். எனவே ரிவியை மாற்றும் அதே கிழமையில் கசெற்றை யூ.எஸ்.பி.க்குப் பதிவு செய்யக் கொடுங்கள். நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் ஓடவிட்டுப் பார்க்க வேண்டாம், நாடாவும் டெக்கும் சேர்ந்து பழுதாகும். துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கனடாவிலிருந்து வந்த கசெற் எங்கள் டெக்கில் கறுப்பு வெள்ளையாக அல்லது உருண்டு ஓடினால் அது பழுதென்று எண்ண வேண்டாம். அங்கே என்.ரி.எஸ்.சி. முறை, இங்கே பால் முறை. இரண்டையும் வாசிக்கும் டெக் வேண்டும். பதிவு செய்ததை இரண்டு இடங்களில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

கடைசியாகக் கழிவு. பிக்சர் ரியூப் கண்ணாடியில் ஈயம் உண்டு. செப்புக்காக அதை உடைப்பதும் வயரை எரிப்பதும் பிள்ளைகளுக்கும் கிணற்றுக்கும் கேடு. பிரதேச சபை இலத்திரனியல் கழிவு சேகரிக்கும் நாளில் முழுதாகக் கொடுங்கள். புதியதோ திருத்தியதோ, இனி இருக்கப்போகும் ரிவிக்கு ஒரு பழக்கம் போதும்: வானம் இருண்டு இடி கேட்கத் தொடங்கியதும் பிளக்கை மட்டுமல்ல, அன்ரெனா வயரையும் கழற்றிவிடுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் என் மேசைக்கு வரும் பல ரிவிகள் அந்த வயர் வழியாக அடிபட்டவைதான்.