5 மாதத்தில் பதவியை உதறிய போப்... யார் இந்த ஐந்தாம் செலஸ்டின்?

2013 பிப்ரவரியில் போப் 16ஆம் பெனடிக்ட் ராஜினாமாவை அறிவித்தபோது உலகமே ஆச்சரியப்பட்டது. போப் பதவி என்றால் சாகும்வரை என்றுதானே பலரும் நினைத்திருந்தோம்? ஆனால், 700 வருஷத்துக்கு முன்பே ஒரு போப் தானாகவே பதவியை விட்டு இறங்கியிருக்கிறார். அவர்தான் ஐந்தாம் செலஸ்டின்.

மலையில் இருந்த துறவி

இயற்பெயர் பியெத்ரோ. இத்தாலியின் அப்ரூஸ்ஸோ பகுதியில் உள்ள மொரோனே மலையில் தனிமையில் வாழ்ந்த துறவி. ஜெபம், நோன்பு என்று இருந்தவரைத் தேடி சீடர்கள் வர, அது ஒரு துறவற சபையாகவே வளர்ந்தது.

27 மாத இழுபறி

1292 ஏப்ரலில் போப் நான்காம் நிக்கோலஸ் இறந்தார். அடுத்த போப் யார் என்பதில் ரோமின் ஒர்சினி, கொலோன்னா குடும்பங்களின் ஆதரவாளர்கள் இடையே போட்டி. கர்தினால்கள் 12 பேர்தான். ஆனாலும் 27 மாதங்களாக முடிவு எட்டப்படவில்லை.

இப்படியே தாமதித்தால் கடவுளின் கோபம் வரும் என்று எச்சரித்து பியெத்ரோவிடமிருந்து கடிதம் போனது. கடைசியில் 1294 ஜூலை 5ஆம் தேதி அவரையே போப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்! அப்போது அவருக்கு வயது சுமார் 80.

ஆட்சி எப்படி இருந்தது?

கழுதை மேல் ஏறி லாக்குவிலா நகருக்கு வந்தவருக்கு ஆகஸ்ட் 29ஆம் தேதி முடிசூட்டு விழா நடந்தது. ஆனால், போப்பாக அவர் ரோமுக்குப் போகவே இல்லை. நேபிள்ஸ் மன்னர் இரண்டாம் சார்லஸின் பிடிக்குள் போய்விட்டார். புதிதாக நியமித்த 12 கர்தினால்களில் பெரும்பாலானோர் மன்னருக்கு வேண்டியவர்கள். ஒரே பதவியை ஒன்றுக்கு மேற்பட்டோருக்குக் கொடுத்த குளறுபடியும் நடந்தது. கோட்டைக்குள்ளேயே சின்னதாக மர அறை கட்டி, அதில் ஜெபம் செய்துகொண்டிருந்தார் போப்.

ராஜினாமா

இது நமக்கு சரிப்படாது என்பது அவருக்கே புரிந்தது. போப் ராஜினாமா செய்யலாமா எனச் சட்டம் தெரிந்தவர்களிடம் ஆலோசித்தார். செய்யலாம் என்று ஆணையும் பிறப்பித்தார். டிசம்பர் 13ஆம் தேதி பதவி விலகினார்.

அதற்கு முன் இன்னொரு வேலையும் செய்தார். கர்தினால்களை ஒரே இடத்தில் அடைத்துவைத்து போப்பைத் தேர்ந்தெடுக்கும் பழைய விதியை மீண்டும் கொண்டுவந்தார். விளைவு? 27 மாதம் இழுத்த தேர்தல், இந்த முறை 11 நாளில் முடிந்தது. எட்டாம் போனிஃபேஸ் போப் ஆனார்.

சோக முடிவு

பழையபடி மலைக்கே போய்விடலாம் என்று நினைத்தார் பியெத்ரோ. ஆனால், எதிரிகள் அவரைப் போட்டி போப்பாக நிறுத்திவிடுவார்களோ என்று போனிஃபேஸுக்குப் பயம். தப்பி ஓடிய முதியவரைப் பிடித்து ஃபுமோனே கோட்டையில் அடைத்தார்கள். 1296 மே 19ஆம் தேதி அங்கேயே இறந்தார். 1313இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது.

பெனடிக்ட் வைத்த காணிக்கை

2009இல் நிலநடுக்கத்தால் உருக்குலைந்த லாக்குவிலாவுக்குச் சென்ற 16ஆம் பெனடிக்ட், செலஸ்டினின் உடல் மீது, தான் அணியும் 'பாலியம்' என்ற கம்பளித் தோள்பட்டையை வைத்துவிட்டு வந்தார். அப்போது அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. 4 வருஷம் கழித்து அவரும் ராஜினாமா செய்த பிறகுதான், பலருக்கும் அந்தக் காட்சி ஞாபகம் வந்தது.