கோப்பி மலையும் முருங்கன் பாதையும்

இலங்கைக்கு வந்த ஆங்கில எழுத்தாளர் என்றதும் இலக்கிய நேயர்களின் நினைவுக்கு முதலில் வருபவர் லெனாட் வூல்ப். 1904இல் சிவில் சேவை அதிகாரியாக வந்த அவர், 1906இல் மன்னார்க் கரையில் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் கடமையாற்றினார். அவருக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முன்னரே, 1875இல், விக்டோரியா காலத்துப் பெரும் நாவலாசிரியர் ஒருவர் இத்தீவுக்கு வந்து சென்றார். அவர் பெயர் அந்தனி ட்றொலப்.

ட்றொலப் (1815-1882) முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிரித்தானியத் தபாற் சேவையில் இருந்தவர். தபாற் பெட்டியை வீதியோரத்தில் நாட்டும் முறையை 1852இல் சனல் தீவுகளில் தொடங்கிவைத்தவரும் அவரே. கடிகாரத்தை முன்னே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் நாவல் எழுதினார். கப்பலிலும் இந்தப் பழக்கத்தை விடவில்லை. மேற்கிந்தியத் தீவுகள், அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா எனக் குடியேற்ற நாடுகள் பலவற்றையும் சுற்றிப் பயண நூல்கள் எழுதினார்.

அவுஸ்திரேலியாவில் ஆட்டுப்பண்ணை வைத்திருந்த மகனைப் பார்க்கப் போகும் வழியிலேதான் இலங்கையில் இறங்கினார். அப்போது இங்கு தேசாதிபதியாக இருந்த சேர் வில்லியம் கிரகெறி, ஹறோ பாடசாலையில் அவரோடு படித்தவர். (இந்தக் கிரகெறியின் பிற்கால மனைவிதான் கவிஞர் யேட்ஸின் தோழியும் ஐரிஷ் நாடக இயக்கத்தின் தூணுமான லேடி கிரகெறி.) பயணத்தில் கண்டவற்றை ட்றொலப் 20 கடிதங்களாக எழுத, அவை லிவர்பூல் நகரப் பத்திரிகையில் வெளிவந்தன. அவை நூலுருப் பெற்றது 1941இல்தான்.

அவர் வந்தது கோப்பியின் காலம். மலைநாட்டுக் காடுகள் அழிந்து கோப்பித் தோட்டங்களாகியிருந்தன. 1867இல் கண்டிக்குப் புகையிரதமும் ஓடத் தொடங்கியிருந்தது. 1869இல் தலைகாட்டிய இலைநோய், அந்தச் செல்வத்தை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. கோப்பிச் செய்கையையும் தோட்டத் துரைமாரின் வாழ்வையும் ட்றொலப் ஆர்வத்துடன் நோக்கினார். அதே ஆண்டில் நூலாக வந்த அவருடைய நாவலொன்று, லண்டனில் பங்குகளை விற்று ஏமாற்றும் பணக்காரர்களைத் தோலுரித்தது. ஆனால் குடியேற்ற நாட்டின் செல்வம் யார் கால்களால் நடந்து வந்தது என்ற கேள்வியை அவர் அதே கூர்மையுடன் எழுப்பவில்லை.

அந்தக் கால்கள் நடந்தது நம் முருங்கன் பக்கத்தால். அக்காலத்தில் பெருங்கப்பல்கள் வந்தடைந்த துறை காலி. துரைமாரும் விருந்தினரும் அவ்வழியே வந்தனர். கோப்பி பறிக்க வந்த தமிழ்த் தொழிலாளரோ இராமநாதபுரக் கரையிலிருந்து வள்ளமேறி மன்னார்க் கரையில் இறங்கினர். முருங்கனூடாக மதவாச்சி, அங்கிருந்து தம்புள்ளை, மாத்தளை என ஏறத்தாழ 150 மைல் காட்டுவழி நடந்தனர். கங்காணி கொடுத்த முன்பணம் கடனாக உடன் வந்தது. தண்ணீர்த் தட்டுப்பாடும் கொலராவும் காய்ச்சலும் வழியில் காத்திருந்தன. 1841 முதல் 1848 வரை வந்தவர்களில் சுமார் 70,000 பேர், அதாவது நாலிலொருவர், மாண்டனர் என்று 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை கணக்கிட்டது. அது மிகைக் கணக்கு என்று மறுப்போரும் உண்டு. எனினும், அப்படியொரு கணக்குப் போட வேண்டிய நிலை இருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

ட்றொலப் கல்நெஞ்சர் அல்லர். ஒரு முதியோர் இல்லத்தின் வருமானம் யாருக்குச் சேரவேண்டும் என்ற சிறு வழக்கை வைத்து 1855இல் அருமையான நாவல் படைத்தவர். ஊரறிந்த மனிதரின் மனச்சாட்சியை அவரைப்போல் அளந்தவர் சிலரே. ஆனால் மேற்கிந்தியத் தீவுகள் பற்றிய 1859ஆம் ஆண்டு நூலில், ஆசியக் கூலிகளை அங்கே கொண்டுவருவதை ஆதரித்தார். தொழிலாளர் அவருக்குத் தோட்டத்தின் தேவையாகத் தெரிந்தனர், கதைமாந்தராகத் தெரியவில்லை. எங்கே இறங்குகிறோம், யார் வீட்டில் தங்குகிறோம் என்பது எழுத்தாளனின் பார்வையை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

அந்தக் குறையைப் பின்னர் நம்மவரே நிரப்பினர். நடந்து வந்தவர்களின் துயரம் முதலில் அவர்களுடைய வாய்மொழிப் பாடல்களில் தங்கியது. அப்பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தார். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இல் அம்மக்களை நாவலின் நடுவே நிறுத்தியது.

1914இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. காட்டு நடையின் காலமும் முடிந்தது. போரினால் 1990இல் நின்றுபோன அப்பாதையில் 2015 முதல் தலைமன்னார் வரை மீண்டும் வண்டி ஓடலாயிற்று. கட்டுக்கரைக் குளத்து வயல்களை அடுத்துள்ள முருங்கன் நிலையத்தில் இறங்குவோருக்கு, அருகே செல்லும் மதவாச்சி வீதி வெறும் வீதியாகவே தெரியும். ட்றொலப்பின் இலங்கைக் கடிதங்களைப் படிக்க வாய்ப்புக் கிடைப்பவர்கள், இந்த வீதியையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் கோப்பிக் காலத்தின் வரலாறு முழுமையாகும்.