பிக்கப்பின் பின்பக்கம் ஏன் தூக்கி நிற்கிறது?

அமெரிக்க பிக்கப் டிரக்குகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். ஷோரூம்ல நிற்கிற புது வண்டி ஏன் மூக்கைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கிக்கிட்டு நிற்குது? தயாரிப்பில் கோளாறா? இல்லை. அது சரக்குக்காக விட்டுவைத்த இடம்.

1925-ல் ஃபோர்டு நிறுவனம் மாடல் டி காரின் பின்னால் ஒரு பெட்டியைப் பொருத்தி 281 டாலருக்கு விற்றது. பிக்கப் என்பது மூட்டை ஏற்றத்தான். மூட்டை ஏறினால் பின்பக்க ஸ்பிரிங் அமுங்கும், வண்டி சமமாகும். காலியாக இருக்கும்போதே சமமாக இருந்தால், சுமை ஏறியதும் பின்பக்கம் உட்கார்ந்துவிடும்.

பிறகு பிக்கப் மெல்ல மெல்லக் குடும்ப வண்டி ஆகிவிட்டது. ஆபீஸ் போக, பிள்ளைகளைப் பள்ளியில் விட. பெட்டி பெரும்பாலும் காலி. அப்போதுதான் அந்தச் சரிவு கண்ணை உறுத்த ஆரம்பித்தது. முன்னால் பெரிய டயர் போடவும் இடம் போதவில்லை. முன்பக்கத்தைத் தூக்கிவிடும் 'லெவலிங் கிட்' இதற்காகத்தான்.

வண்டியின் அமைப்பு மாற மாற, தூக்கும் வழியும் மாறியது. 1988-ல் வந்த ஷெவர்லே ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பில் முன்பக்கம் டார்ஷன் பார், அதாவது முறுக்குக் கம்பி. ஒரு போல்ட்டைத் திருகினாலே மூக்கு எழும்பும். 2004 மாடல் ஃபோர்டு எஃப்-150-ல் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. அதன் தலையில் ஒரு ஸ்பேசர் வைத்தால் போதும். இதில் ஒரு வேடிக்கை: ஒரு அங்குல ஸ்பேசர் வைத்தால் வண்டி கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் ஏறும். ஷாக்கின் அடிப்பகுதி சக்கரத்துக்குப் பக்கத்தில் இல்லாமல், சக்கரத்தைத் தாங்கும் கையின் நடுவில் இருப்பதுதான் காரணம். பில்ஸ்டீன் 5100 ஷாக்கில் ஸ்பேசரே வேண்டாம். உடலிலேயே பள்ளங்கள் வெட்டியிருக்கும். வளையத்தை மேல் பள்ளத்தில் மாட்டினால் ஸ்பிரிங்கின் இருக்கை உயரும், வண்டியும் உயரும்.

சமமானதோடு எல்லோரும் நிறுத்தவில்லை. முன்பக்கத்தை இன்னும் தூக்கி, பின்பக்கத்தைத் தாழ்த்தினார்கள். 'கரோலினா ஸ்குவாட்' என்று பேர். ஓட்டுகிறவருக்கு பானட்டுக்கு முன்னால் நடக்கிற ஆள் தெரியாது. ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். வடக்கு கரோலினாவில் 2021 டிசம்பர் 1 முதல், முன் ஃபெண்டர் பின் ஃபெண்டரைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருந்தால் சட்டவிரோதம். 2022-ல், ஒரு விபத்தில் உயிர் போன பிறகு, வர்ஜீனியாவும் தடை போட்டது. 2023-ல் தெற்கு கரோலினா.

சாதாரண லெவலிங் கிட் அந்த 4 அங்குலத்துக்குள் வராது, சட்டம் அதைத் தொடாது. ஆனால் சமப்படுத்திய வண்டியில் நிஜமாகவே சிமென்ட் மூட்டையை ஏற்றிப் பாருங்க. பின்பக்கம் இறங்கும், விளக்கு மேலே பார்க்கும். கிட் போட்ட அன்றைக்கே வீல் அலைன்மென்ட்டோடு ஹெட்லைட்டையும் சரிபண்ணச் சொல்வது அதனால்தான். இரவில் எதிரே வருகிறவருக்கு நம்ம வண்டி அழகா இருக்கான்னு தெரியாது, வெளிச்சம் மட்டும்தான் தெரியும்.